கடாரத்துக்குப் புறப்பட ஆளில்லை

சோழ மன்னன் ராஜேந்திரனுடைய கப்பற்படை கடல் கடந்து கடாரம் முதலிய ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது 1025-ஆம் ஆண்டில். அதே ராஜேந்திரன் கம்ப்யூட்டர்த் திரையில், ஒரு விளையாட்டின் நாயகனாக, மறுபடியும் கப்பலேறியது 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி. 1999-இல் வெளிவந்து உலகப் பிரசித்தி பெற்ற ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் யுத்த தந்திர விளையாட்டு, அதுவரை ‘இந்தியர்’ என்று ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்த நம் தேசத்தாரை, தன் இருபத்து மூன்றாம் பிராயத்தில், இந்துஸ்தானியர், வங்காளிகள், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக விஸ்தரித்தபோது, திராவிடருக்குச் சுருள்வாள் வீசும் காலாட்படையும் ‘திரிசடை’ என்ற பெருங்கப்பலும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மௌஸால் தொட்டு ஏவினால் அந்தச் சிப்பாய்கள் தமிழிலேயே மறுமொழி சொல்கிறார்கள்.

பம்பாயில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கிற, நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களில், வி.ஜே.டி.ஐ.யிலோ ரூயா, போதார் கல்லூரிகளிலோ படித்துவிட்டு இப்போது பவாயிலும் பாந்த்ரா-குர்லா வளாகத்திலும் உத்தியோகம் பார்க்கிற ஒரு சாராருக்கு, இந்தச் செய்தி கொடுத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. வாலிப நாட்களில் பிரிட்டானியராகவும் பிராங்கியராகவும் வேஷம் கட்டி ஆடியவர்கள் அவர்கள். தங்கள் மன்னனே திரையில் வந்து நிற்கக் கண்டால் மனம் பூரிக்காதா? ஆனால் பூரித்தவர்கள் எல்லாரும் பழையவர்கள். அவர்களுடைய பிள்ளைகளைக் கூப்பிட்டு, “இதோ பார், ராஜேந்திர சோழன்!” என்று காட்டினால், பிள்ளை ஒரு நிமிஷம் மரியாதைக்காக நின்று பார்த்துவிட்டு, கையிலிருக்கும் போனில் விட்ட இடத்திலிருந்து சுடத் தொடங்கிவிடுகிறான்.

ஏன் இப்படி என்று கேட்டால், “இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை” என்று விடை தயாராக இருக்கிறது. இந்த விடையில் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. பொறுமையில்லாதவர்கள் என்று நாம் கருதும் இதே பையன்கள்தாம் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்காக இரண்டு வருஷம் கோச்சிங் வகுப்பில் அடைந்து கிடக்கிறார்கள்; போன் விளையாட்டிலே ஒவ்வொரு துப்பாக்கியும் சுடும்போது எவ்வளவு மேலே எழும்புகிறது, எந்தக் கட்டடத்தின் எந்த ஜன்னலிலிருந்து யார் குறி வைப்பார் என்பதையெல்லாம் மனப்பாடமாக அறிந்திருக்கிறார்கள். புத்தியும் இருக்கிறது, அப்பியாசம் செய்கிற குணமும் இருக்கிறது. இல்லாதது வேறொன்று. அது இன்னதென்று தெரிய வேண்டுமானால், முதலில் அந்தப் பழைய விளையாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

சுற்றிலும் இருள் சூழ்ந்த ஒரு பூமி. நடுவே ஒரு மண்டபம். ‘டவுன் சென்டர்’ என்பது அதன் பெயர். பக்கத்தில் மூன்று குடியானவர்கள், குதிரைமேல் ஓர் ஒற்றன். கஜானாவில் 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். மண்டபத்தைத் தொட்டு ஏவினால் 50 உணவுச் செலவில், ஆட்டக் கணக்குப்படி 25 விநாடியில், இன்னொரு குடியானவர் தோன்றுவார். அவ்வளவுதான். எதிரி எங்கேயோ இருளுக்கு அப்பால் இருக்கிறான். யுத்தம் என்று பெட்டிமேல் எழுதியிருந்ததே தவிர, கண்ணுக்கெட்டிய தூரத்தில் யுத்தத்தின் சுவடே இல்லை. முதல் பத்து நிமிஷம் ஆட்டக்காரன் செய்ய வேண்டியது சேனாதிபதியின் வேலையல்ல, பண்ணைக் காரியஸ்தனின் வேலை: இருளிலே மேயும் ஆடுகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும்; மரம் வெட்ட நாலு பேரை அனுப்ப வேண்டும்; காட்டுப் பன்றியை ஓர் அம்பால் சீண்டி, அது சீறிக்கொண்டு துரத்த, மண்டபத்தடிக்கு ஓடி வந்து பலர் சேர்ந்து கொல்ல வேண்டும். 500 உணவு சேர்ந்ததும் இருண்ட காலத்திலிருந்து அடுத்த காலத்துக்கு ஏறலாம். அதற்கடுத்த கோட்டைக் காலத்துக்கு 800 உணவும் 200 பொன்னும். சாம்ராஜ்ய காலத்துக்கு 1000 உணவும் 800 பொன்னும். இதற்கிடையே, கைதேர்ந்தவர்கள் ஒரு விஷயத்தை உயிரினும் மேலாகப் பேணுவார்கள்: மண்டபம் ஒரு விநாடிகூடச் சும்மா இருக்கலாகாது, ஒரு குடியானவர் வெளியே வந்ததும் அடுத்தவருக்கு ஆணை போயிருக்க வேண்டும்.

புதிதாக உட்கார்ந்த பையனுக்கு இது தெரியாது. அவன் ஆட்டைப் பார்க்கிறான், காட்டைப் பார்க்கிறான், ஒற்றனை இங்குமங்கும் ஓட்டி வேடிக்கை பார்க்கிறான். மண்டபம் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் வெறுமனே நிற்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் பிறக்காமல் போன நாலு குடியானவர்கள் வெட்டாத மரமும் விதைக்காத பயிரும் கண்ணுக்குத் தெரியாத கடனாக வட்டியேறிக்கொண்டே வந்து, இருபதாவது நிமிஷத்தில், எதிரியின் குதிரை வீரர்கள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் மொத்தமாக வசூலுக்கு வருகிறது. பையன் தோற்கிறான். எதனால் தோற்றான் என்று கேளுங்கள்: “அவன்கிட்ட நிறைய குதிரை இருந்தது” என்பான். அது காரியம்; காரணம் ஆரம்பத்து ஆட்டு மந்தையில் இருக்கிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே இருபது நிமிஷம் கிடக்கிறது; அந்த இடைவெளியைத் தனியாக நின்று தாண்டிப் பார்ப்பது, எத்தனை சூட்டிகையான பிள்ளைக்கும் எளிதல்ல. ஆட்டம் முடிந்ததும் யுத்தம், பொருளாதாரம், வித்தை என்று வகை பிரித்துப் புள்ளிவிவர அட்டவணைகள் திரையில் விரிகின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிந்தவன் அந்த ஆட்டத்தில் தோற்றிருக்கவே மாட்டான்.

சதுரங்கத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதுவும் கடலாழமான ஆட்டம்தான். ஆனால் ஆறு வகைக் காய்கள் நகரும் விதத்தை ஒரு சாயங்காலத்தில் கற்றுவிடலாம். ராணியை வெட்டக் கொடுத்தவனுக்கு அந்த நிமிஷமே வயிற்றைக் கலக்குகிறது. தோல்வி அவனோடு நேருக்கு நேர் பேசுகிறது.

அப்படியானால் அந்த நாற்பது வயதுக்காரர்கள் மட்டும் எப்படிக் கற்றார்கள்? அவர்கள் அதிமேதாவிகளா? இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

இதைச் சொல்லும்போது பம்பாயின் பழைய வீடியோ கேம் பார்லர்களிலிருந்து தொடங்குவது நியாயம். 1990-களில் தாராவியின் 90 அடிச் சாலையாகட்டும், மாட்டுங்கா லேபர் கேம்ப் ஆகட்டும், ஒரு சிறிய அறைக்குள் நாலைந்து பெட்டிகளை நிறுத்திவிட்டால் அது பார்லர். ஜப்பானியக் கம்பெனியான காப்காம் 1993-இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற ஆட்டத்தை இந்தியா முழுவதும் அந்தப் பெயரால் அறிந்தவர் சொற்பம். அதிலுள்ள ஒரு வீரனுடைய பெயரை வைத்து அது ‘முஸ்தஃபா’ ஆட்டமாயிற்று. காசு போட்டு ஆடுகிறவன் ஒருவன் என்றால், அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “குதி, குதி! அடி! அந்தப் பீப்பாயை உடை, உள்ளே சாப்பாடு இருக்கும்” என்று இலவச உபதேசம் செய்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். காசில்லாத பையன் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தின் சூக்ஷ்மங்களை அறிந்துவிடுவான். பிறகு ஒரு நாள் காசு கிடைத்து அவன் கைவைக்கும்போது, அவன் புதியவனல்ல.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ வந்தபோது இந்தப் பழக்கம் அப்படியே பார்லரிலிருந்து சைபர் கஃபேக்குக் குடியேறியது. அமெரிக்காவில் டல்லாஸ் பக்கத்திலிருந்த என்ஸெம்பிள் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதைச் செய்தது; மைக்ரோஸாஃப்ட் வெளியிட்டது. அசல் பெட்டியை வாங்கியவர்களுக்கு உள்ளே கனத்த கையேடு ஒன்றும், எந்தக் கட்டடத்திலிருந்து எந்த வித்தை பிறக்கும் என்று காட்டும் மடிப்புப் படம் ஒன்றும் இருந்தன. நம் ஊரில் அந்தக் கையேட்டைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? பிளாட்பாரத்தில் பிளாஸ்டிக் உறையில் விற்ற நகல் சி.டி.தான் நமக்கு வாய்த்தது. கையேட்டின் ஸ்தானத்தை முந்திக் கற்றவனின் வாய்மொழி வகித்தது. 166 மெகாஹெர்ட்ஸ் பெண்டியமும் 32 எம்.பி. நினைவகமும் இருந்தால் போதும் என்றபடியால், கஃபேக்காரரின் பழைய மெஷின்களிலும் அது தடையில்லாமல் ஓடிற்று. எட்டு மெஷின்களை ஒரு கம்பியால் பிணைத்தால் எட்டு ராஜ்யங்கள். எதிரி இணையத்துக்கு அப்பாலுள்ள அந்நியன் அல்ல. அடுத்த நாற்காலியில் வடா பாவ் தின்றுகொண்டிருக்கும் சிநேகிதன். அவன் குதிரைப் படையோடு வந்து உங்கள் ஊரைக் கொளுத்திவிட்டு, எழுந்து வந்து, உங்கள் திரையைப் பார்த்து, “டேய், உன் ஆளுங்க பாதிப் பேர் சும்மா நிக்கிறாங்கடா” என்று சொல்வான். காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவே கிடந்த இருபது நிமிஷத்தை அந்த ஒரு வாக்கியம் தாண்டிவிடும்.

குறுக்கு வழிகள்கூட வாய்மொழியாகவே பரவின. ‘ஹௌ டு யூ டர்ன் திஸ் ஆன்’ என்று டைப் அடித்தால் மத்திய காலக் கோட்டை கொத்தளங்களுக்கு நடுவே துப்பாக்கி பூட்டிய நவீன மோட்டார் கார் ஒன்று வந்து நிற்கும் என்பது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராமலே மாட்டுங்கா பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கல்லூரி விடுதிகளில் இந்த உத்ஸாகம் இன்னும் கரைபுரண்டது. 2007-இல் பவாய் ஐ.ஐ.டி. நிர்வாகம் விடுதி அறைகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் இணையத்தை நிறுத்தியபோது, படிப்பைக் கெடுக்கிற குற்றவாளிகளின் ஜாபிதாவில் கம்ப்யூட்டர் விளையாட்டும் இருந்தது.

அந்த நாற்காலிகள் இப்போது எங்கே? ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 2011-இல் மத்திய சர்க்கார் சைபர் கஃபேக்களுக்கு விதிகளை ஏற்படுத்தியது: வருகிறவர் அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும்; அடையாளச் சீட்டில்லாத சிறுவர் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும்; யார் எந்த மெஷினில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்ற பதிவேட்டை ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும்; தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. விதிகளில் நியாயம் உண்டு. ஆயினும் பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு ஓடி வருகிற பதின்மூன்று வயதுப் பையனை அவை வாசலிலேயே நிறுத்தின. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்து இணையத்தை எல்லாருடைய சட்டைப் பைக்குள்ளும் போட்டுவிட்ட பிறகு, மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துப் பிறர் கடையில் உட்கார வேண்டிய அவசியமே ஒழிந்தது. கஃபேக்கள் ஜெராக்ஸ் கடைகளாயின. ஆதார் திருத்தமும் பான் விண்ணப்பமும் நிரப்பித் தரும் கடைகளாயின.

கடை போனால் வீட்டில் ஆடட்டுமே என்றால், வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டாமா? 2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் கம்ப்யூட்டர் உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 23.4; கிராமங்களில் 4.4. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து பேர் உறங்கி எழும் தாராவி வீட்டில், மேஜையும் திரையும் கீபோர்டும் வைக்க முதலில் தரை வேண்டும். போனுக்குத் தரை வேண்டாம். ஆகையால் அந்தத் தலைமுறை போனிலே என்ன உண்டோ அதில் தேர்ச்சி பெற்றது. 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டு தடை செய்யப்பட்டபோது தேசத்துப் பையன்கள் அடைந்த துக்கத்தைப் பார்த்தவர்கள், இவர்களுக்கு விளையாட்டில் சிரத்தையில்லை என்று ஒருக்காலும் சொல்ல மாட்டார்கள்.

இது நம் பக்கத்துக் கதை. விளையாட்டின் பக்கத்தில் நடந்ததும் கவனிக்கத் தக்கது. புதியவர்கள் வராமல் போனாலும் பழையவர்கள் விலகவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஆடி ஆடி, எந்த விநாடியில் எத்தனை பேர் மரம் வெட்ட வேண்டும் என்பதைச் சந்தியாவந்தனம் போலப் பிசகாமல் செய்யும் நிலையை அடைந்துவிட்டார்கள். இணையத்தில் இவர்களோடு மோத வருகிற புதியவன், காலை ஒன்பது மணிக்கு தாதரில் விரைவு லோக்கலில் ஏற முயலும் அசலூர்க்காரனைப் போன்றவன்: உள்ளே இருப்பவர்களுக்கு அவன்மேல் விரோதம் எதுவுமில்லை, ஆனால் அவரவர் நிற்கும் இடமும் இறங்கும் பக்கமும் என்றோ தீர்மானமாகிவிட்டன.

திறமைக்கேற்ற எதிரியைக் கோத்து விடுவதற்கு ஒரு கணக்கு உண்டு. அர்பாத் எலோ என்ற பௌதிகப் பேராசிரியர் சதுரங்கத்துக்காக வகுத்தது. சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. 2019-இல் வந்த புதிய பதிப்பில் இந்த விளையாட்டும் அதையே பின்பற்றுகிறது. ஆனால் அதில் புதியவன் 1000 புள்ளியில் தொடங்குகிறான். அவனுடைய மெய்யான தகுதியோ அதற்கு எவ்வளவோ கீழே. ஆகவே வரிசையாகத் தோற்றுத் தோற்றுத் தன் மட்டத்துக்கு இறங்கிய பின்புதான் சமானமான ஆள் கிடைப்பான். கணக்குப்படி இது சரி. முதல் நாலு வாரம் அடி வாங்குவதே பிரவேசக் கட்டணம் என்று வாசலில் எழுதி வைத்தால் எந்தச் சபாவுக்குக் கூட்டம் வரும்?

மற்றொன்று, விளையாட்டைச் செய்கிறவர்கள் அதை வளர்த்துக்கொண்டே போகிறார்கள். 1999-இல் பதின்மூன்று இனத்தார்; 2000-இல் பதினெட்டு; 2019-இல் முப்பத்தைந்து; ராஜேந்திரன் வந்தபோது நாற்பத்திரண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் படை, தனிச் சலுகை, தனிப் பலவீனம். நம் திராவிடருக்குக் கடற்படையும் காலாட்படையும் பலம், குதிரைப் படையோ நோஞ்சான். பழைய ரசிகனுக்கு ஒவ்வொரு புது வரவும் தீபாவளிப் பலகாரம். அவன்தான் காசு கொடுத்து வாங்குகிறான், அவனுக்காகத்தான் செய்கிறார்கள். புதியவன் தலையில் ஏறும் பாரத்தைப் பற்றி யாரும் தீர்மானம் செய்ததாகத் தெரியவில்லை. அது தானாகச் சேர்ந்தது. 1444-ஆம் ஆண்டின் உலக வரைபடத்தை விரித்து, விஜயநகரம் உட்பட எந்த ராஜ்யத்தையும் ஆளலாம் என்று அழைக்கும் ‘யூரோப்பா யூனிவர்ஸாலிஸ் 4’ என்ற இன்னொரு கடினமான விளையாட்டு, 2013-இல் வெளிவந்தது முதல் இணைப்புக்குமேல் இணைப்பாக விற்று, எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது கட்டுப்படியாகாது என்ற நிலை வந்தபின், 2021-இல் மாதச் சந்தா முறையையே கொண்டுவர வேண்டியதாயிற்று.

இந்தக் கஷ்டத்தை உணர்ந்து புறவழியாகப் போனவர்களும் உண்டு. ‘வார்கிராஃப்ட் 3’ என்ற யுத்த தந்திர விளையாட்டை வைத்துக்கொண்டு ரசிகர்களே உருவாக்கிய ‘டோட்டா’வில் பண்ணையும் இல்லை, குடியானவரும் இல்லை, ஆட்டக்காரன் ஒரே ஒரு வீரனை நடத்தினால் போதும், மற்ற பொறுப்புகளைத் தோழர்கள் நால்வர் பகிர்ந்துகொள்வார்கள். சேனாதிபதியாக வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை முழுவதையும் அந்தப் பாதை சிப்பாய்களாகக் கவர்ந்துகொண்டது. பின்லாந்துக் கம்பெனியான சூப்பர்செல் 2012-இல் ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ஸையும் 2016-இல் மூன்றே நிமிஷத்தில் முடியும் ‘கிளாஷ் ராயல்’ஐயும் கொண்டுவந்தபோது, கோட்டை கட்டும் ஆசை போனிலேயே தீர்ந்துபோயிற்று. இவற்றைக் குறைவாக மதிப்பிட நான் தயாரில்லை. தோற்ற காரணம் தோற்ற கணமே தெரிகிறது என்கிற பெரும் குணம் அவற்றுக்கு இருக்கிறது.

மறுபடியும் சதுரங்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது நம்மவர் கண்ணெதிரே நடந்த பரீட்சை. 1972-இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில், நம் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோனுடைய முயற்சியால், மிகைல் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. சிறுவன் விசுவநாதன் ஆனந்த் மின்னல் வேக ஆட்டம் பழகிய இடம் அதுதான். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம்விட்டு, மறுமுறை வரும்வரை நின்று பார்க்க வேண்டியது வழக்கம். அந்த ‘நின்று பார்த்தல்’ இருக்கிறதே, அதுதான் பார்லரிலும் கஃபேயிலும் நடந்த கல்வி. 1988-இல் ஆனந்த் தேசத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். நடுவிலுள்ள முப்பத்தாறு வருஷத்தை நிரப்பியவை தெருவுக்குத் தெரு முளைத்த பயிற்சிக் கூடங்களும், வயதுக்கொரு பிரிவு, தரத்துக்கொரு பிரிவு என்று நடக்கும் போட்டிகளும். எட்டு வயதுக் குழந்தை எட்டு வயதுக் குழந்தையிடமே தோற்கிறது, தோற்றதும் உபாத்தியாயர் பலகையை மீண்டும் அடுக்கி, “இந்த இடத்தில் குதிரையை ஏன் நகர்த்தினாய்?” என்று கேட்கிறார். சதுரங்கம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துப் பழசு என்று யாரும் அதை விட்டு ஓடவில்லை. பெற்றோர் சதுரங்கத்துக்கு மனமுவந்து பணம் கட்டுகிறார்கள், வீடியோ கேமுக்குக் கட்ட மாட்டார்கள் என்ற ஆட்சேபம் வரும். வாஸ்தவம். கௌரவம் என்பதும் ஒரு மூலதனம்தான்.

புதிய பதிப்பைச் செய்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ‘ஆர்ட் ஆஃப் வார்’ என்ற பெயரில் பயிற்சிப் பாடங்களைச் சேர்த்தார்கள். மண்டபத்தைச் சும்மா விட்டால் அது தகவல் சொல்லும். 2023 ஜனவரியில் டெலிவிஷனோடு இணைக்கும் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோனார்கள். 2024-இல் போனுக்கென்றே ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மொபைல்’ வந்தது. ஆதியிலிருந்தே அரிச்சுவடிப் பாடம் ஒன்றும் உண்டு: ஸ்காட்லாந்து வீரன் வில்லியம் வாலஸின் கதை. ராஜேந்திரன்மேல் ஆசைப்பட்டு வாங்குகிற தமிழ்ப் பையன் முதலில் ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பொன் தோண்டப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்பது வேடிக்கைதான். வேடிக்கை பார்ப்பவர் கூட்டத்துக்கும் பஞ்சமில்லை; 2022 அக்டோபரில் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் கோட்டையிலேயே ஒரு பெரும் போட்டி நடந்தது. டி-90 என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க வர்ணனையாளர் ஒருவர், கைதேராத கத்துக்குட்டிகளின் ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, கேலியும் பிரியமும் கலந்து, அவரவர் செய்யும் அபத்தங்களை விளக்கும் தொடர் ஒன்று நடத்துகிறார். என் அபிப்பிராயத்தில், புதியவர்களுக்குத் தைரியம் கொடுப்பதில் பயிற்சிப் பாடங்கள் அனைத்தையும் விட அது அதிகம் செய்திருக்கிறது. தோள்மேல் எட்டிப் பார்க்கும் அந்தப் பழைய பார்லர்க்காரனின் குரல் அதில் கேட்கிறது.

செம்பூரில் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கஃபே காலத்து மனிதர். தாராவியிலிருந்து தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான், பதினைந்து வயது. பழைய லாப்டாப் ஒன்றை அவன் முன் வைத்துவிட்டு இவர் எதிரே மேஜைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்.

“மாமா, இவங்க மூணு பேரும் சும்மா நிக்காங்க. என்ன செய்யச் சொல்லணும்?”

“ஆட்டத் தேடுல.”

“எந்த ஆடு?”

“பக்கத்துலதான் மேயும். குதிரக்காரன அனுப்பு.”

“சண்ட எப்ப வரும்?”

“இருபது நிமிசம் ஆகும்.”

“இருபது நிமிசமா? போர் ஆகுது மாமா.”

வழக்கமாக இந்த இடத்தில்தான் கதை முடியும். இவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு பேர் ஒரே நிறத்தைத் தேர்ந்துகொண்டால் ஒரே ராஜ்யத்தை இருவரும் சேர்ந்து ஆளலாம் என்ற வசதி இந்த விளையாட்டில் 1999 முதலே இருக்கிறது. அநேகருக்கு அது ஞாபகம்கூட இல்லை. ஆட்டத்தைக் கலைத்துவிட்டு அப்படித் தொடங்கினார். பண்ணை மாமா பொறுப்பு. படை மருமகன் பொறுப்பு. எதிரி கம்ப்யூட்டர். பையன் முதல் நாழிகையிலேயே ஈட்டிக்காரர்களைக் கேட்டு நச்சரித்தான்; “மரம் இல்லல, நாலு பேர வெட்டப் போட்டிருக்கேன், பொறு” என்றார் மாமா. படைக்கு மரம் வேண்டும், மரத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஆடு வேண்டும் என்ற சங்கிலி அவனுக்கு எந்தப் பாடமுமில்லாமல், கேட்டது கிடைக்காத கோபத்தின் வழியே விளங்கத் தொடங்கியது. விடுமுறை முடிவதற்குள் அவனே மாமாவின் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கலானான்: “மாமா, டவுன் சென்டர் சும்மா நிக்குது பாருங்க!” மாமா அதிலே அடைந்த பெருமையை முகத்தில் காட்டிக்கொள்ளாமலிருக்க மிகுந்த பிரயத்தனம் செய்தார்.

இதற்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஓர் அறையும் ஓய்வுள்ள மாமா ஒருவரும் வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைகிற வீடு இந்த நகரத்தில் அபூர்வம். ஆனால் மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை நம்மவர் நடத்துகிற சங்கங்களுக்கும் வாசக சாலைகளுக்கும் குறைவில்லை. அவற்றிலே சாயங்காலத்தில் கேரம் பலகையைச் சுற்றி நிற்கிற கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆபீஸ்கள் கழித்துக் கட்டுகிற பழைய மெஷின்கள் இரண்டு கிடைத்தால், 1999-ஆம் வருஷத்துப் பதிப்பு அவற்றில் தாராளமாக ஓடும். இது சங்கமா, கேம் பார்லரா என்று யாராவது ஒரு செயலாளர் கேட்கத்தான் கேட்பார். இரண்டு நாற்காலிக்குப் பதில் மூன்றாகப் போட்டு, மூன்றாவதில் அவரை உட்கார வைத்து, ஆடு எங்கே மேய்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளலாம்.